நிலத்துக்குள் நிற்கும் சுவர்: வார்த்த பனலா, கருங்கல்லா?

வீடு கட்டப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் கேட்பவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியே இருக்கும். எத்தனை அறை? ஓடா, சீற்றா? நிலத்துக்கு மாபிள் போடுவீர்களா? மண்ணுக்குள் என்ன போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் வீட்டுக்கென்று சேர்த்த காசில் முதற் பங்கை விழுங்குவது மண்தான். அதுவும் சரிந்த காணியென்றால் அரைப் பங்கைக்கூட விழுங்கிவிடும். அத்திவாரத்தோடு காசு முடிந்து, புல் முளைத்துக் கிடக்கும் வீடுகளை வன்னியிலும் மன்னாரிலும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே இந்த மாதம் சமையலறையையும் முற்றத்தையும் விட்டுவிட்டு நிலத்துக்குக் கீழே போகலாம் என்று நினைக்கிறேன், சகோதரிகளே.

நான் இப்போது இருப்பது மாத்தளை மாவட்டத்தின் வஹகோட்டையில். கண்டி இராச்சியக் காலத்தில் போர்த்துக்கேயப் பரம்பரையினர் குடியேறிய கத்தோலிக்கக் கிராமம் இது. புனித அந்தோனியார் திருத்தலத்தின் ஆனி மாதத் திருவிழாவுக்கு நம்மவர்களும் பஸ் பிடித்து வருவதால் பலருக்கு ஊரின் பெயர் தெரிந்திருக்கும். 2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, இங்கே மணம் முடித்திருந்த அக்காவிடம் வந்தேன். தையல் எனக்குத் தொழில். இப்போது மூன்று மெஷின் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் என்னிடம் வேலை பழகுகிறார்கள். அக்காவின் வளவுக்குப் பக்கத்திலேயே 14 பேர்ச்சஸ் காணி வாங்கியிருக்கிறேன். காணி நல்லது, ஆனால் தட்டை இல்லை. பாதைப் பக்கத்துக்கும் பின் எல்லைக்கும் இடையில் ஏறத்தாழ ஏழு அடி இறக்கம்.

இப்படியான காணியில் இரண்டு வழி உண்டு. இறக்கத்தை மண் போட்டு நிரப்பி அதன் மேல் வீட்டை வைப்பது ஒன்று. இறக்கத்தையே பயன்படுத்திப் பின்பக்கம் திறந்த ஒரு கீழ்த்தளம் எடுப்பது மற்றது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. மேலே குடும்பம், கீழே தையல் அறை, ஆனி மாதத்தில் யாத்திரிகர் தங்க ஒரு அறை. ஆனால் பாதைப் பக்கத்து மண் முழுவதையும் தாங்க ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் கசிந்தால் துணி பூஞ்சணம் பிடிக்கும், மெஷின் துருப்பிடிக்கும். அந்தச் சுவர் சரிந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் தம்பி தொலைபேசியில் இலகுவாகச் சொன்னான்: "அக்கா, இஞ்ச எல்லாம் பக்டரியில வார்த்த கொங்கிறீற் பனலைக் கிரேனால இறக்குவாங்கள். காலமை தொடங்கினா பின்னேரம் பேஸ்மென்ட் சுவர் நிக்கும். நீங்களும் அதைப் போடுங்கோ, நான் காசு அனுப்புறன்."

அவனது காசு, என் வீடு. ஆகவே விசாரிக்கத் தொடங்கினேன்.

கனடாவில் ஏன் பேஸ்மென்ட்?

'பேஸ்மென்ட்' என்ற சொல்லை நாம் கட்டிட வேலையாக அறியவில்லை, விலாசமாகத்தான் அறிந்தோம். 1983க்குப் பிறகு ரொறன்ரோவுக்குப் போன எத்தனையோ குடும்பங்களின் முதல் வீடு யாரோ ஒருவரின் நிலக்கீழ் அறைதான். அந்த ஊர் வீடுகளுக்கெல்லாம் நிலக்கீழ்த்தளம் இருப்பதற்குக் காரணம் குளிர். மாரியில் அங்கே நிலம் உறையும். உறையும் ஈரமண் வீங்கி அத்திவாரத்தையே மேலே தூக்கிவிடும். அதனால் ரொறன்ரோப் பக்கத்தில் அத்திவாரம் சுமார் 1.2 மீற்றர், அதாவது நாலு அடிக்குக் கீழே போக வேண்டும். நாலு அடி தோண்டியவர்கள் இன்னும் நாலு அடி தோண்டினால் ஒரு தளமே கிடைக்கிறது. நம் மண்ணுக்கு அந்த நோய் இல்லை. கீழ்த்தளம் நமக்குக் கட்டாயமில்லை, சரிவு தரும் வசதி மட்டுமே.

தம்பி சொல்லும் பனல் முறை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1980களில் வீடுகளுக்குப் பரவத் தொடங்கியது. தொழிற்சாலையில் கம்பி வைத்து, முதுகில் விலா எலும்பு போல் தூண்களோடு வார்க்கிறார்கள். குளிருக்காக நுரைத் தகடு ஒன்றும் உள்ளே போகிறது. நன்றாக இறுக்கிய சுத்தமான சல்லிப் படுக்கையின் மேல் பனலை நிறுத்தி, ஒன்றோடொன்று போல்ற் போட்டு முடுக்கி, மூட்டுகளை இறப்பர் போன்ற பசையால் அடைக்கிறார்கள். சல்லிப் படுக்கைக்குள் வடிகுழாய் ஓடுகிறது. தொழிற்சாலையில் வார்ப்பதால் மழை வெயில் படாது, கலவை பிசகாது. நல்ல முறைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் தம்பி சொல்லாத ஒன்று உண்டு. பனலை நிறுத்திய அன்றே அதன் பின்னால் மண் நிரப்ப முடியாது. கீழே கொங்கிறீற் நிலம் போட்டு, மேலே அடுத்த தளத்தின் தளக்கட்டும் ஏறிய பிறகுதான் மண் நிரப்பலாம். ஏனென்றால் அந்தச் சுவர் தன் பாரத்தால் மண்ணைத் தடுப்பதில்லை. காலை நிலமும் தலையை மேல்தளமும் பிடித்துக்கொள்வதால்தான் நிற்கிறது. இரண்டில் ஒன்று இல்லையென்றால் அது நிமிர்த்தி வைத்த பலகைதான். இன்னொன்றும்: கனடாவிலேயே பெரும்பாலான வீடுகளுக்கு அந்த இடத்திலேயே பலகை அடித்து ஊற்றிய கொங்கிறீற் சுவர்தான், பனல் வைப்பவர்கள் ஒரு பகுதியினரே. இதைக் கேட்டபோது தம்பி "ஓம், எங்கட வீடும் ஊத்தினதுதான்" என்றான்!

இங்கே 'பனல்' என்று விற்பது என்ன?

கலேவெலைப் பக்கமும் தம்புள்ளைப் பக்கமும் கொங்கிறீற் சாமான் விற்கும் இடங்களை விசாரித்தேன். 'பனல்' என்று கேட்டால் மூன்று வேறு பொருட்களைக் காட்டுகிறார்கள்.

முதலாவது மதில் பனல். பள்ளம் விட்ட கொங்கிறீற் தூண்களுக்கு இடையில் மேலிருந்து செருகும் மெல்லிய பலகைகள். எல்லைச் சுவருக்கு நல்லது. காற்றில் நிற்பதற்காக வார்த்தது அது. ஒரு வியாபாரி இதையே காட்டி, "அம்மா, தூணைக் கிட்டக் கிட்டப் போட்டா மண்ணும் தாங்கும்" என்றார். உள்ளே எத்தனை கம்பி, எத்தனை நூல் கம்பி, என்ன கணக்கில் மண் தாங்கும் என்று கேட்டேன். பதிலில்லை. யாராவது உங்களுக்கும் இப்படிச் சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இரண்டாவது நுரைமணியும் சீமெந்தும் கலந்து, இரு பக்கமும் சீமெந்துத் தகடு ஒட்டிய இலேசான பனல். மேல்மாடிக்கும் உள் அறை பிரிப்புக்கும் வசதி. மண்ணை முட்டி நிற்க அல்ல.

மூன்றாவதுதான் உண்மையிலேயே மண் தாங்க வார்க்கப்படும் பெரிய துண்டுகள். வீதி வேலைகளில் காண்கிறோமே, குறுக்கே வெட்டிப் பார்த்தால் இங்கிலிசு எல் எழுத்துப் போல இருக்கும். இதற்குப் பாரமான லொறியும் கிரேனும் வேண்டும். என் ஒழுங்கை பத்தடி அகலம், நடுவில் மின்கம்பம். லொறி திரும்பாது. கிரேன் கால் விரித்து நிற்க இடமேயில்லை. பக்கத்து வீட்டு மதிலை உடைத்து வழி கேட்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். குடி போக முன்னமே அயலோடு சண்டை பிடிக்கச் சொல்கிறார் போலும்.

மண்ணின் பாரம், தண்ணீரின் பாரம்

பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பொறுமையாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். எல்லோரும் விளங்கிக்கொள்ளக்கூடிய கணக்கு என்பதால் அப்படியே தருகிறேன்.

இரண்டு மீற்றர் உயரச் சுவர், அதாவது ஏறத்தாழ ஆறரை அடி. பின்னால் உலர்ந்த மண் இருந்தால் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் சுமார் 1200 கிலோ விசை பக்கவாட்டில் தள்ளும். அதே மண்ணில் மழைத் தண்ணீர் தேங்கி மேல்வரை நின்றால், தண்ணீர் மட்டுமே 2000 கிலோ தள்ளும். ஊறிய மண்ணின் தள்ளலும் சேர 2500 கிலோவைத் தாண்டும். என் சுவர் 24 அடி நீளம். கோடையில் ஒன்பது தொன் தள்ளிய அதே மண், ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல் நின்றால் பதினெட்டுத் தொன்னுக்கு மேல் தள்ளும். சுவர் பனலா, கல்லா, கொங்கிறீற்றா என்பது இரண்டாவது கேள்விதான். பின்னால் வரும் தண்ணீருக்கு எங்கே வழி என்பதே முதற் கேள்வி.

அதனால் எந்தச் சுவரானாலும் அதன் முதுகில் மண் நேரே முட்டக் கூடாது. ஓரடி அகலத்துக்குச் சல்லி நிரப்ப வேண்டும். சுவரில் நாலைந்து அடிக்கு ஒன்றாக இரண்டு அங்குலக் குழாய் வைத்துத் தண்ணீர் முன்னால் வர விட வேண்டும். குழாயின் பின்வாயில் பெரிய சல்லி போடாவிட்டால் இரண்டு மழையில் சேறு அடைத்துவிடும். மேசன்மார் அவசரத்தில் வெட்டிய மண்ணையே திருப்பித் தள்ளி மூடிவிடுவார்கள். அன்றைக்கு நாம் பக்கத்தில் நிற்க வேண்டும்! மூட முன்னர் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னர் ஒரு பேச்சு வந்தால் அதுதான் சாட்சி.

இந்த மாவட்டத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் கண்டி, பதுளை, நுவரெலியாவோடு மாத்தளையின் மலைப்பகுதிகளும் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அபாயப் பகுதியென்று அடையாளமிட்ட இடத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவைப்படும். வஹகோட்டைப் பக்கம் உயர்ந்த மலை இல்லை. என்றாலும் சரிவை வெட்டப் போகிறேன் என்பதால் நான் முதலில் கேட்டது அதைத்தான். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்துகொண்டே போகும் மரம், இல்லாத இடத்தில் திடீரென ஊற்று, கலங்கிவரும் ஊற்றுத் தண்ணீர் — இவை இருக்கும் சரிவில் எந்தப் பனலும் எந்தக் கருங்கல்லும் உதவாது. படிவங்கள் சிங்களத்தில் இருந்தன. அக்காவின் மகள் வரி வரியாக வாசித்துச் சொன்ன பிறகே கையெழுத்து வைத்தேன். நமக்குக் கையெழுத்து வாங்கத் தெரிந்தவர்கள் அதிகம், வாசித்துச் சொல்பவர்கள் குறைவு.

வடக்கில் நடந்த பேரம்

தொழிற்சாலை வீடு என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டம் வந்தது. 2012இலிருந்து பெரும்பகுதி வீடுகளைப் பயனாளிகளே நின்று கட்டினோம். ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, வேலை முன்னேற முன்னேற வங்கிக் கணக்குக்கு வந்தது. காசு காணாமல் தாலிக்கொடி அடைவு வைத்தவர்களும் கடன்பட்டவர்களும் ஏராளம். அது உண்மை. ஆனால் அத்திவாரத்துக்கு எத்தனை கியூப் கல், ஒரு பை சீமெந்துக்கு எத்தனை பெட்டி மணல் என்று அதுவரை கேட்டறியாத பெண்கள், அந்த வீடுகளைக் கட்டித்தான் பழகினார்கள். அதுவும் உண்மை.

அதற்குப் பிறகு வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் என்று ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தோடு அரசாங்கம் பேசியது. 2016இல் பெரிய விவாதம் நடந்தது. ஒரு வீட்டுக்குச் சுமார் 21 இலட்சம் ரூபா. மாதிரி வீட்டைப் பரிசோதித்த மொறட்டுவைப் பல்கலைக்கழக நிபுணர்கள் குறையென்று சொன்னவற்றில் முதன்மையானது அத்திவாரம். காற்றோட்டம் போதாது, அடுப்புக்கு இடமில்லை என்பவை அடுத்தவை. அடுப்பில்லாத வீட்டை யார் வரைந்திருப்பார் என்று எனக்கு இன்றும் யோசனைதான். அந்தத் திட்டம் நடக்கவில்லை.

2018இல் சீன நிறுவனமொன்று 40,000 வீடுகள் கட்ட ஒப்பந்தம் பெற்றது. சீன வங்கிக் கடன், 30 கோடி டொலருக்கு மேல். அவை கொங்கிறீற் வீடுகள். மக்கள் கல்வீடுதான் வேண்டும் என்று நின்றார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, 28,000 வீடுகளை இந்திய நிறுவனமொன்றும் இரண்டு உள்ளூர் நிறுவனங்களும் கட்டுவதென்று அமைச்சரவை முடிவெடுத்தது.

'இலவசமாகத் தருவதையும் வேண்டாம் என்கிறார்களே' என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்கு அது வீம்பாகத் தெரியவில்லை. கல்வீட்டில் மகள் பெரியவளானதும் பக்கத்தில் ஒரு அறை இறக்கலாம். சுவர் வெடித்தால் ஊர் மேசன் பூசுவார். கட்டும் கூலி ஊருக்குள்ளேயே நிற்கும். பனல் வீட்டில் ஒரு கதவு புதிதாக வெட்டுவதற்கே அதைச் செய்தவரைத் தேட வேண்டும். கொங்கிறீற் பனல் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. கட்டிவிட்டுப் போன பிறகு யார் திருத்துவது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்கிறேன்.

நான் தெரிந்தெடுத்தது

உத்தியோகத்தரும் இங்குள்ள மேசன் பாஸும் சேர்ந்து வரைந்து தந்த முறை இது. மண் தாங்கும் சுவரும் வீட்டுச் சுவரும் வேறு வேறு. பாதைப் பக்கத்தில் கருங்கல்லால், ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் சாந்தில், தனியே ஒரு தடுப்புச் சுவர். அடியில் நாலடி அகலம், உச்சியில் ஒன்றரை அடி. அதற்கு யாரும் தலையைப் பிடிக்கத் தேவையில்லை, தன் பாரத்தாலேயே நிற்கும். அதிலிருந்து மூன்றடி தள்ளித்தான் தையல் அறையின் பின்சுவர், சாதாரண சீமெந்துக் கல்லில். இடைவெளியின் அடியில் சரிவு விட்டுக் கான். மழைத் தண்ணீர் அதனால் பக்கவாட்டில் ஓடிப் போகும். அறைக்குப் பின்பக்கத்தாலும் காற்று வரும், ஒரு யன்னலும் வைக்கலாம். வாசலுக்குப் போக அந்த இடைவெளியின் மேல் சிறு பாலம்.

இதற்கு விலை இருக்கிறது. சுவரும் இடைவெளியும் சேர்ந்து ஏழடிக் காணியைத் தின்கிறது. யாத்திரிகர் அறை சிறுத்துவிட்டது. தம்பிக்கு மனமில்லை, "இவ்வளவு இடத்தை வீணாக்குறீங்கள்" என்றான். தையல் அறை ஈரமில்லாமல் இருக்கும், அந்த அறைதான் எனக்குச் சோறு போடுகிறது என்றேன். பிறகு அவன் பேசவில்லை.

வார்த்த கொங்கிறீற்றை முழுதாகக் கைவிடவும் இல்லை. கீழ்த்தளத்துக்கு மேல் வரும் தட்டுக்கு அதுதான். ஏக்கலையில் 1974இலிருந்து இயங்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் கண்டுபிடித்த முறை ஒன்று இருக்கிறது. 'நேர்ட் சிலப்' என்றால் பாஸ்மாருக்கு விளங்கும். உள்ளே கம்பியை இழுத்து வைத்து வார்த்த ஒடுங்கிய உத்தரங்களை இரண்டடிக்கு ஒன்றாகச் சுவருக்குச் சுவர் வைத்து, இடையில் பலகை கொடுத்து, கம்பி வலை விரித்து, இரண்டு அங்குலம் அளவில் கொங்கிறீற் போடுகிறார்கள். முழுத் தட்டுக்கும் கீழே முட்டுக்கொடுத்துக் காடு மாதிரிக் கம்பு நட வேண்டியதில்லை, கம்பியும் சீமெந்தும் மிச்சம். ஒவ்வொரு உத்தரத்தையும் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் வரலாம். கிரேன் வேண்டாம், மின்கம்பத்தோடும் சண்டையில்லை.

ஒரே அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. மன்னார், வவுனியாப் பக்கத்துத் தட்டை நிலத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்த்தளமே தேவையில்லை, மழைக்கு நீர்மட்டம் ஏறும் இடத்தில் அது தொல்லை. அங்கே சாதாரணக் கருங்கல் அத்திவாரத்தை வெள்ளம் வந்த அடையாளத்துக்கு மேல் ஓரடி உயர்த்தி, டி.பி.சி. போட்டுத் தார் பூசினால் போதும். வசதியாகக் கிரேன் வரும் பெரிய வீதியோரக் காணியும், கையெழுத்திட்டு வரைபடம் தரும் பொறியியலாளரும் இருப்பவர்கள் மண் தாங்க வார்த்த பனலை யோசிக்கலாம். அப்போதும் பனலின் தடிப்பு, உள்ளிருக்கும் கம்பி, மூட்டை அடைக்கும் பொருள், மண் நிரப்பும் நாள், வெடித்தால் வந்து பார்ப்பவர் யார் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்பவர் அடுத்த வருடம் வேறு கடையில் இருப்பார்.

எங்கள் வேலை மாசியில் தொடங்குகிறது. மழைக்காலத்தில் சரிவை வெட்டுவதில்லை என்று பாஸ் உறுதியாகச் சொல்லிவிட்டார், எனக்கும் அதுதான் விருப்பம். 24 அடியையும் ஒரே மூச்சில் வெட்டாமல், எட்டடி எட்டடியாக வெட்டி, அந்தந்தத் துண்டுக்குக் கல் கட்டி, ஒரு கிழமை தண்ணீர் ஊற்றி இறுக விட்ட பிறகே அடுத்த துண்டு. முதல் லொறிக் கல் ஒழுங்கை வாசலில் இறக்கியாயிற்று. அங்கிருந்து காணிக்கு நாங்களே சுமக்கிறோம்.